வாசகர் கேள்வி – பதில்: ஐரோப்பாவில் தேசங்கள் உருவான விதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா குறித்து வந்த கடிதங்களில், ஒன்றோடொன்று தொடர்புடைய ஒன்பது கேள்விகள் இம்முறை இடம்பெறுகின்றன.

கேள்வி: இத்தாலி 1861-இலும் ஜெர்மனி 1871-இலும் பிறந்தன என்று படித்தோம். அதற்கு முன் அங்கே வாழ்ந்தவர்கள் தங்களை இத்தாலியர், ஜெர்மானியர் என்று எண்ணவே இல்லையா?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: எண்ணியவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் சிலரே. அவர்களிலும் பெரும்பாலோர் நூல் கற்றவர்கள். 1800-ஆம் ஆண்டில் சிசிலியில் உழுதுகொண்டிருந்த ஒரு குடியானவரை நிறுத்தி, நீங்கள் யார் என்று கேட்டிருந்தால், தம் ஊரையும், தம் நிலவுடைமையாளரின் பெயரையும், தாம் கத்தோலிக்கர் என்பதையும் சொல்லியிருப்பார். இத்தாலி என்ற பெயர் அவர் வாயிலிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை. பேச்சும் ஒன்றாக இல்லை. நாடு ஒன்றுபட்ட ஆண்டில், இன்று இத்தாலிய மொழி என நாம் அறியும் பொதுமொழியைப் பேச வல்லவர்கள் மக்கள்தொகையில் 2.5 விழுக்காட்டினர்தாம் என்பது மொழியியலாளர் ஒருவரின் கணக்கு. சற்றுத் தாராளமாகக் கணக்கிட்ட இன்னொருவர்கூடப் பத்து விழுக்காட்டைத் தாண்டவில்லை.

பிரான்சு பழைய அரசு என்பதால் அங்கே நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று தோன்றலாம். புரட்சி அரசின் பேரவைக்கு 1794-இல் பாதிரியார் கிரெகுவார் அளித்த அறிக்கை அந்த எண்ணத்தைக் கலைத்துவிடும். ஏறத்தாழ 2.8 கோடி மக்களில் பிரெஞ்சு மொழியைச் செம்மையாகப் பேசுவோர் 30 லட்சத்துக்கு மேல் இல்லை என்றும், குறைந்தது 60 லட்சம் பேருக்கு அம்மொழி அறவே தெரியாது என்றும் அவர் எழுதினார்.

அப்படியானால் மாறியது எது? நாட்டின் உடைமையாளர் யார் என்ற கேள்விக்கான விடைதான் மாறியது. இறையாண்மை தேசத்திடமே உறைகிறது என்று 1789-ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தின் மூன்றாம் பிரிவு அறிவித்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, அந்தத் தேசத்தைக் காக்கக் குடிமக்கள் அனைவரும் படைக்குக் கடமைப்பட்டவர்கள் என்ற ஆணை வந்தது. நெப்போலியனின் படைகள் இந்தக் கருத்தை ஐரோப்பா முழுவதும் கொண்டுசென்றன. கூடவே வரிச்சுமையையும் கட்டாய ஆள்சேர்ப்பையும் கொண்டுசென்றதால், போன இடமெல்லாம் எதிர்ப்பையும் விதைத்தன. பிரெஞ்சுப் படையின் பிடியில் இருந்த பெர்லினில் 1807 முதல் 1808 வரை பிக்டே என்ற தத்துவ ஆசிரியர், ஜெர்மானியர் யாவரும் ஒரே மக்கள் என்று தொடர் சொற்பொழிவு ஆற்றியது இந்தச் சூழலில்தான்.

நெப்போலியன் வீழ்ந்தபின் 1815-இல் வியன்னாவில் கூடிய வல்லரசுகள், மக்களைக் கேளாமல் மன்னர் குடும்பங்களின் உரிமையையும் படைபலச் சமநிலையையும் பார்த்து எல்லைகளை வரைந்தன. ஜெர்மன் நிலப்பரப்பு 39 அரசுகளின் தளர்ந்த கூட்டமைப்பாயிற்று. லொம்பார்டியும் வெனிசும் ஆஸ்திரியாவுக்குப் போயின. இத்தாலி என்பது ஒரு புவியியல் பெயர் மட்டுமே என்று ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக் சொன்னது பலரும் அறிந்ததே. அவர் சொன்னது அன்றைய நிலையில் உண்மையாக இருந்ததுதான் தேசியவாதிகளை மிகவும் எரிச்சலூட்டியது.

கேள்வி: மாஜினியின் சபதம் என்று பாரதியார் பாடியிருக்கிறார். அந்த மாஜினி தாம் எண்ணியதை அடைந்தாரா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அடையவில்லை. 1805-இல் ஜெனோவாவில் பிறந்த ஜுசெப்பே மாஜினி, கார்பொனாரி என்ற இரகசியச் சங்கத்தில் சேர்ந்ததற்காகச் சிறைப்பட்டு, பின்னர் நாட்டைவிட்டு வெளியேறி, 1831-இல் மார்சேய் நகரில் 'இளம் இத்தாலி' இயக்கத்தைத் தொடங்கினார். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு அதில் பொதுவாக இடமில்லை. அதில் சேருவோர் எடுத்துக்கொள்ள வேண்டிய உறுதிமொழிதான் பாரதியாரின் பாடலுக்கு அடிப்படை. பழைய சங்கங்கள் இரகசியத்தை நம்பின. மாஜினியோ இரகசியத்தோடு பிரசாரத்தையும் சேர்த்தார். தேசம் என்பது கடவுள் ஒவ்வொரு மக்களுக்கும் அளித்த கடமை என்றும், விடுதலை பெற்ற தேசங்கள் தமக்குள் சகோதரர்களாக வாழும் என்றும் அவர் உளமார நம்பினார். அதனாலேயே 1834-இல் போலந்து, ஜெர்மனி அகதிகளையும் சேர்த்து 'இளம் ஐரோப்பா' என்ற அமைப்பையும் சுவிட்சர்லாந்தில் தொடங்கினார்.

அவர் திட்டமிட்ட கிளர்ச்சிகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. 1849-இல் போப் தப்பியோடியபின் அமைந்த ரோமக் குடியரசை நடத்திய மூவரில் அவர் ஒருவர். மரண தண்டனையை ஒழித்த அந்தக் குடியரசு சில மாதங்களிலேயே பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது. எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி இலண்டனில் வறுமையில் கழிந்தது. இத்தாலி ஒன்றுபட்டபின் மெசினா நகர வாக்காளர்கள் அவரை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்மீது பழைய மரண தண்டனைத் தீர்ப்பு இருந்ததைக் காட்டி அந்தத் தேர்வு செல்லாது என்றாக்கினார்கள். அவர் கேட்டது குடியரசு, வந்ததோ முடியரசு. 1872 மார்ச்சு மாதம் பீசா நகரில், நண்பர் வீடொன்றில் பிரவுன் என்ற பொய்ப்பெயரில் தங்கியிருந்தபோது அவர் இறந்தார்.

இந்தியாவில் அவர் பெயர் பெற்றிருந்த செல்வாக்கு இத்தாலியின் அரசாங்கம் அவருக்கு அளித்த மதிப்பைவிடப் பெரிது. அவரைப் போற்றியவர்கள் எல்லாரும் ஒரே பாடத்தைப் படிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாவர்க்கர் அவர் எழுத்துகளை மராத்தியில் தந்தது ஆயுதப் புரட்சிக்கான வழிகாட்டியாக; காந்தியடிகள் 1909-இல் ஹிந்து சுயராஜ்யத்தில் அவரை எடுத்துக்காட்டியதோ, ஆட்சியாளர் மாறியும் இத்தாலியக் குடியானவரின் வாழ்வு மாறவில்லை என்பதைச் சொல்வதற்காக.

கேள்வி: இத்தாலிய ஒற்றுமையின் இதயம் மாஜினி, மூளை காவூர், வாள் கரிபால்டி என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். மூவரும் சேர்ந்து செயல்பட்டார்களா?
– பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: தேர்வு எழுத இந்த வரி உதவும். ஆனால் மூவரும் ஒரே உடலின் உறுப்புகள் என்ற எண்ணத்தை அது தந்துவிடுகிறது. உண்மையில் மாஜினி கையில் அகப்பட்டால் சிறையில் அடைக்கக் காவூர் தயாராக இருந்தார். கரிபால்டியோ காவூரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

வடமேற்கு இத்தாலிய அரசான பீட்மாண்ட்-சார்டினியாவின் பிரதமரான காவூர் பிரெஞ்சு மொழியில் சிந்தித்த, பிரெஞ்சில் கடிதம் எழுதிய பிரபு. புளோரன்சுக்குத் தெற்கே அவர் போனதே இல்லை. 1858-இல் பிளாம்பியேர் நீராடல் நகரில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைத் தனியே சந்தித்து அவர் பேசி முடித்தது, ஆஸ்திரியாவை விரட்டி வட இத்தாலியில் தம் மன்னரின் ஆட்சியை விரிவாக்கும் ஏற்பாடு. தெற்கே நேப்பிள்சும் சிசிலியும் அந்தக் கணக்கில் வரவில்லை. அடுத்த ஆண்டு போர் மூண்டு, லொம்பார்டி கிடைத்தது. பிரான்சுக்கு விலையாகச் சவாயும் நீசும் போயின. நீசு கரிபால்டி பிறந்த ஊர். தம்மைச் சொந்த மண்ணிலேயே அந்நியனாக்கிவிட்டார் காவூர் என்று அவர் கொதித்தார்.

அந்தக் கோபத்தோடுதான் 1860 மே 5 அன்று ஜெனோவாவுக்கு அருகில் இரண்டு நீராவிக் கப்பல்களில் ஆயிரத்துச் சொச்சம் தொண்டர்களுடன் கரிபால்டி புறப்பட்டார். செஞ்சட்டைப் படை எனப் புகழ்பெற்ற அந்தக் கூட்டத்தில் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் மாணவர்களும் வடநாட்டு நகரங்களின் கைவினைஞர்களும் இருந்தார்கள். நிலத்தை உழுபவர் அநேகமாக எவரும் இல்லை. மே 11-இல் மார்சாலாவில் இறங்கியவர்கள் செப்டம்பர் 7-இல் நேப்பிள்சுக்குள் நுழைந்தது போர்த்திறனால் மட்டும் நிகழ்ந்ததன்று. சிசிலியின் குடியானவர்கள் நிலம் கிடைக்கும் என்று நம்பித் தாங்களே கிளர்ந்தெழுந்தார்கள். பொதுநிலங்களைப் பகிர்ந்தளிப்பதாகக் கரிபால்டி ஜூன் 2-இல் ஆணையும் பிறப்பித்திருந்தார்.

அந்த வாக்குறுதியின் கதி என்ன என்பதற்கு எட்னா மலையடிவாரத்துப் பிரான்தே ஊரைப் பார்த்தால் போதும். அங்கே பெரும் பண்ணை ஒன்று, நேப்பிள்சு மன்னர் 1799-இல் ஆங்கிலேயத் தளபதி நெல்சனுக்குப் பரிசாக வழங்கியது. ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் ஊர்மக்கள் எழுந்து, நிலவுடைமையாளர்களையும் அலுவலர்களையும் கொன்றார்கள். கரிபால்டியின் தளபதி நினோ பிக்சியோ படையுடன் வந்து, அவசர விசாரணை ஒன்றை நடத்தி, ஆகஸ்டு 10 அன்று ஐவரைச் சுட்டுக்கொன்றார். அவர்களில் ஒருவர் உள்ளூர் வழக்கறிஞர். இன்னொருவர் புத்தி பேதலித்தவர் என்று ஊரே அறிந்தவர். தேசம் வந்தது, நிலம் வரவில்லை.

கரிபால்டி ரோமுக்குள் நுழைந்தால் பிரான்சு தலையிடும் என்று அஞ்சிய காவூர், போப்பின் நிலப்பகுதி வழியாகத் தம் மன்னரின் படையைத் தெற்கே அனுப்பினார். அக்டோபர் 26-இல் தேயானோ அருகே கரிபால்டி மன்னர் விக்டர் இம்மானுவேலைச் சந்தித்து, தாம் வென்றதை எல்லாம் ஒப்படைத்தார். அதற்கு ஐந்து நாள் முன்னரே நேப்பிள்சில் மக்கள் வாக்கெடுப்பு நடந்து முடிந்திருந்தது: ஆம் 13,02,064, இல்லை 10,312. வாக்களிக்க வந்தவர் 'ஆம்' சீட்டை ஒரு பெட்டியிலிருந்தோ, 'இல்லை' சீட்டை மற்றொரு பெட்டியிலிருந்தோ எல்லாரும் பார்க்க எடுத்துப் போடவேண்டும். எண்ணிக்கையைப் படிக்கும்போது இந்த ஏற்பாட்டையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

புதிய நாட்டின் முதல் நாடாளுமன்றம் 1861-இல் கூடியபோது அது எட்டாவது நாடாளுமன்றம் என்றே எண்ணிடப்பட்டது. பீட்மாண்டின் வரிசை தொடர்ந்தது. மன்னரும் 'இரண்டாம்' விக்டர் இம்மானுவேலாகவே நீடித்தார். 2.2 கோடி மக்களில் வாக்குரிமை பெற்றவர்கள் நான்கு லட்சத்தைச் சற்றே தாண்டினார்கள். தெற்கில் கட்டாய ஆள்சேர்ப்புக்கும் புதிய வரிகளுக்கும் எதிராக எழுந்த கலகத்தைக் கொள்ளைக்காரர் தொல்லை என்று பெயரிட்டு, ஏறத்தாழ ஒரு லட்சம் படைவீரரை அனுப்பி, 1863-இல் இராணுவ நீதிமன்றச் சட்டமும் இயற்றி அடக்கினார்கள். கரிபால்டி 1862-இல் மீண்டும் ரோமை நோக்கிப் புறப்பட்டபோது, அஸ்பிரொமொன்தே மலையில் இத்தாலியப் படையே அவரைக் காலில் சுட்டு வீழ்த்தியது. ஆகவே மாணவர்களுக்கு அந்த வரியைச் சொல்லிக்கொடுங்கள். அந்த வாளை ஏந்தியவரின் காலை எந்த அரசின் துப்பாக்கி துளைத்தது என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஜெர்மனியை ஒன்றாக்கியது பிஸ்மார்க்கின் போர்களா, வணிகமா?
– வங்கி ஊழியர், மதுரை

பதில்: வணிகம் வழியைச் செப்பனிட்டது உண்மை. 1819-இல் பிராங்க்பர்ட் சந்தைக்கு வந்திருந்த வணிகர்கள் சார்பில் பொருளியலாளர் பிரடெரிக் லிஸ்ட் எழுதிய விண்ணப்பம், ஜெர்மன் நிலத்தில் 38 சுங்க எல்லைகள் இருந்ததைச் சொல்லிப் புலம்பியது. பெர்லினிலிருந்து சுவிட்சர்லாந்துக்குச் சரக்கு அனுப்பப் பத்து அரசுகளைக் கடந்து, பத்து விதிமுறைகளைப் படித்து, பத்து முறை தீர்வை கட்ட வேண்டியிருந்தது. வட ஜெர்மனியின் பெரிய அரசான பிரஷ்யாவின் தலைமையில் 1834 சனவரி முதல் நாள் சுங்க ஒன்றியம் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரியா அதில் இல்லை. அடுத்த ஆண்டு நியூரம்பர்க்குக்கும் பூர்த்துக்கும் இடையே ஆறு கிலோமீட்டர் தொலைவுக்கு முதல் இரயில் ஓடியது. அதன்பின் தண்டவாளங்கள் சிற்றரசுகளின் எல்லைகளைப் பொருட்படுத்தாமல் நீண்டன.

ஆனால் சந்தை ஒன்றானால் நாடும் தானே ஒன்றாகிவிடும் என்று முடிவுகட்ட இடமில்லை. 1866-இல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மோதியபோது, பவேரியா, சாக்சனி, ஹானோவர், வூர்ட்டம்பர்க் ஆகிய சுங்க ஒன்றிய உறுப்பினர்கள் ஆஸ்திரியாவின் பக்கமே நின்றன. வணிகக் கூட்டாளிகள் போர்க்களத்தில் எதிரெதிரே நின்றார்கள்.

மக்கள் வழியாக ஒன்றுபடும் முயற்சி 1848-இல் நடந்தது. பிராங்க்பர்ட் தூய பவுல் தேவாலயத்தில் மே 18 அன்று கூடிய தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவையில் வழக்கறிஞர்களும் அலுவலர்களும் பேராசிரியர்களும் நிறைந்திருந்தார்கள். கைவினைஞரையும் விவசாயியையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். அடிப்படை உரிமைகளை மாதக்கணக்கில் விவாதித்து, ஓர் அரசியலமைப்பை எழுதி முடித்து, பிரஷ்ய மன்னர் நான்காம் பிரடெரிக் வில்லியமைப் பேரரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1849 ஏப்ரலில் பேரவைத் தலைவர் எட்வர்ட் சிம்சன் தலைமையில் ஒரு குழு பெர்லினுக்குப் போய் மணிமுடியை ஏற்குமாறு வேண்டியது. மன்னர் மறுத்தார். சேற்றாலும் களிமண்ணாலும் பிசைந்த முடி என்று அதை முன்பே ஒரு தனிக்கடிதத்தில் இகழ்ந்திருந்தவர் அவர். மக்கள் தருவதை வாங்கிக்கொண்டால், மக்கள் திருப்பிக் கேட்கவும் கூடும் என்பதை அவர் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்.

பிஸ்மார்க் 1862-இல் பிரஷ்யாவின் பிரதமரானதும், காலத்தின் பெரும் கேள்விகளைப் பேச்சுகளும் பெரும்பான்மைத் தீர்மானங்களும் தீர்க்கமாட்டா, இரும்பும் இரத்தமுமே தீர்க்கும் என்று பேசியது இந்த 1848-ஐக் குத்திக்காட்டித்தான். 1864-இல் டென்மார்க், 1866-இல் ஆஸ்திரியா, 1870-இல் பிரான்சு என மூன்று போர்கள் நடந்தன. மூன்றாவதன் தொடக்கம் வேடிக்கையானது. எம்சு நீராடல் நகரில் உலாவிக்கொண்டிருந்த பிரஷ்ய மன்னரிடம், தம் குடும்பத்தார் எவரும் இனி ஒருபோதும் ஸ்பெயினின் அரியணைக்கு வேட்பாளராகக் கூடாது என்று உறுதி தருமாறு பிரெஞ்சுத் தூதர் கேட்டார். மன்னர் பணிவாகவே மறுத்து, நடந்ததைத் தந்தியில் தெரிவித்தார். பிஸ்மார்க் விருந்து மேசையில் தளபதிகள் ரோனும் மோல்ட்கேயும் உடனிருக்க அந்தத் தந்தியைச் சுருக்கினார். புதிதாக எதையும் சேர்க்கவில்லை, பணிவு இருந்த இடங்கள் மட்டும் போய்விட்டன. பத்திரிகைகளில் அது வெளிவந்தபோது, இரு நாட்டு மக்களும் தத்தம் நாடு அவமதிக்கப்பட்டதாகக் கருதினார்கள். சில நாட்களில் பிரான்சே போரை அறிவித்தது.

அந்தப் போர் முடியுமுன்பே, 1871 சனவரி 18 அன்று, வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் ஜெர்மன் பேரரசு அறிவிக்கப்பட்டது. மண்டபம் நிறையச் சீருடைகள். பேரரசராகும் பிரஷ்ய மன்னர் முதலாம் வில்லியமுக்கோ மகிழ்ச்சி இல்லை. 'ஜெர்மனியின் பேரரசர்' என்ற பட்டத்தை அவர் விரும்ப, தென் அரசுகளின் மனம் கோணாதபடி 'ஜெர்மன் பேரரசர்' என்றே இருக்கட்டும் என்று பிஸ்மார்க் விடாப்பிடியாக நின்றிருந்தார். வாழ்த்தொலி எழுப்பவேண்டிய பாடன் கோமகன் இரண்டையும் தவிர்த்து, பேரரசர் வில்லியம் வாழ்க என்று முழங்கிச் சமாளித்தார். மேடையிலிருந்து இறங்கிய பேரரசர் பிஸ்மார்க்கைக் கண்டுகொள்ளாமல் கடந்து சென்றார். பேரரசர் பட்டத்தை ஏற்குமாறு பவேரிய மன்னர் இரண்டாம் லூட்விக் எழுதிய கடிதத்தின் வாசகத்தைக்கூடப் பிஸ்மார்க்கே எழுதித் தந்திருந்தார். கடனில் மூழ்கியிருந்த அந்த மன்னருக்கு, ஹானோவர் மன்னரிடமிருந்து பறித்த சொத்திலிருந்து இரகசியமாகப் பணமும் போயிற்று.

அதற்கு ஒரு மாதம் முன்பு, 1870 டிசம்பர் 18 அன்று, வட ஜெர்மன் நாடாளுமன்றத்தின் வேண்டுகோளை ஏந்தி வெர்சாய் வந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அதே எட்வர்ட் சிம்சன்தான். 1849-இல் மக்கள் பேரவையின் பெயரால் முடியை நீட்டித் திரும்பியவர், இம்முறை மன்னர்களின் இசைவு கிடைத்தபின் வரிசையில் இரண்டாவதாக வந்து நின்றார். உங்கள் கேள்விக்கு என் விடை இந்த இரண்டு பயணங்களுக்கு இடையே இருக்கிறது: ஒற்றுமை வேண்டும் என்ற விருப்பம் போருக்கு முன்பே இருந்தது; அதன் விதிகளை எழுதும் உரிமை போரில் வென்றவர் கைக்குப் போயிற்று.

கேள்வி: ஓர் இசைநாடகத்தால் பெல்ஜியம் விடுதலை பெற்றது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: பொறி அதுதான், வெடிமருந்து வேறு. 1830 ஆகஸ்டு 25 இரவு பிரசல்ஸ் நகரின் மொன்னே அரங்கில், நேப்பிள்சு மீனவர்களின் 1647-ஆம் ஆண்டுக் கலகத்தைப் பற்றிய ஓபேரின் இசைநாடகம் நடந்தது. தாயகப் பற்றைப் போற்றும் பாடல் வந்ததும் அரங்கம் கொந்தளித்து, கூட்டம் தெருவில் இறங்கியது. ஆனால் கத்தோலிக்கத் தெற்கை 1815-இல் புரொட்டஸ்டண்டு ஒல்லாந்து மன்னருடன் இணைத்தது, டச்சு மொழித் திணிப்பு, ரொட்டி விலை உயர்வு, அதே ஆண்டு சூலையில் பாரிசில் வென்ற புரட்சி ஆகியவை இல்லாவிட்டால் அன்றிரவு கைதட்டலோடு முடிந்திருக்கும். அக்டோபர் 4-இல் விடுதலை அறிவித்த புதிய நாடு, பிரெஞ்சை மட்டுமே ஆட்சியில் அமர்த்தியது. பிளெமிஷ் பேசிய பெரும்பான்மையினரின் மொழி சட்டத்தில் சம இடம் பெற 1898 வரை காத்திருக்க நேர்ந்தது.

கேள்வி: தேசியம் அடிமைப்பட்ட மக்களுக்கு விடுதலை தந்தது என்றால், அதே தேசங்களுக்குள் அகப்பட்ட சிறிய மக்களுக்கு என்ன கிடைத்தது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பெரும்பாலும் பள்ளிக்கூடமும் காவலரும். ஹங்கேரியின் கதையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரே மக்கள் இரண்டு வேடங்களிலும் வருகிறார்கள். அங்கே 1844 வரை ஆட்சிமொழி இலத்தீன். அதனால் எவர் மொழிக்கும் தனிச் சலுகை இல்லை. அந்த ஆண்டு ஹங்கேரிய மொழி அதன் இடத்தைப் பிடித்தது. 1848-இல் லாயோஷ் கொசூத் தலைமையில் ஆஸ்திரியாவுக்கு எதிராக எழுந்தவர்கள் பத்திரிகைச் சுதந்திரம் தந்தார்கள், குடியானவரைப் பண்ணையடிமைத்தனத்திலிருந்து விடுவித்தார்கள். ஆயினும் தங்கள் எல்லைக்குள் வாழ்ந்த குரோவேசியர், செர்பியர், உரோமேனியர், சுலோவாக்கியர் ஆகியோரைத் தனித் தேசங்களாக ஏற்க மறுத்தார்கள். விளைவாக அந்த மக்களில் பலர் ஆஸ்திரியப் பேரரசரின் பக்கம் நின்று புரட்சியை எதிர்த்துப் போரிட்டார்கள். சிறுபான்மை மொழிகளுக்கு உரிமை தரும் சட்டத்தை ஹங்கேரியப் பேரவை நிறைவேற்றியது 1849 சூலை 28-இல். ஆஸ்திரியாவுக்குத் துணையாக உருசியப் படை வந்து, ஆகஸ்டு 13-இல் புரட்சிப்படை சரணடைந்துவிட்டது. இத்தனைக்கும், அக்டோபரில் அராத் நகரில் ஆஸ்திரியா கொன்ற பதின்மூன்று புரட்சித் தளபதிகளில் செர்பிய வம்சத்தவரும் ஜெர்மானியரும் இருந்தார்கள். மொழி வேறானாலும் ஒரு நாட்டுக்காக உயிர் கொடுக்கலாம் என்பதற்கு அவர்களைவிட வேறு சான்று வேண்டாம்.

1867-இல் ஆஸ்திரியாவோடு சமரசம் செய்து அதிகாரத்தில் பங்கு பெற்றபின், மக்கள்தொகையில் பாதிக்கும் குறைவாக இருந்த ஹங்கேரியர்கள் மற்றவர்களைத் தம் மொழிக்கு மாற்ற முனைந்தார்கள். சுலோவாக்கியரின் பண்பாட்டுக் கழகமான மாத்தித்சாவை 1875-இல் மூடினார்கள்.

பிராங்க்பர்ட் பேரவையின் தாராளவாதிகளும் இதில் விலக்கில்லை. போலந்தியர் மிகுந்த போசன் நிலத்தின் பெரும்பகுதியை ஜெர்மனியோடு சேர்க்கலாமா என்ற விவாதத்தில், 1848 சூலையில், ஆரோக்கியமான தேசியத் தன்னலம் வேண்டும் என்று வில்லெல்ம் யோர்டன் என்ற இடதுசாரி உறுப்பினரே முழங்கினார். பேரவை அவர் பக்கமே வாக்களித்தது. பேரரசு அமைந்தபின் அந்நிலத்தில் ஜெர்மானியரைக் குடியேற்ற 1886-இல் அரசு ஆணையமே ஏற்பட்டது. பின்னர் போலந்தியர் புது வீடு கட்டவும் அனுமதி மறுக்கப்பட்டபோது, திரிமாவா என்ற குடியானவர் தம் நிலத்தில் ஒரு வண்டியை நிறுத்தி அதிலேயே குடியிருந்தார். ஒரே இடத்தில் நின்றால் வீடு என்று சட்டம் பிடிக்கும் என்பதால் வண்டியை நாள்தோறும் சற்றே நகர்த்தி வைத்தார். அதிகாரிகளோடு அவர் நடத்திய இந்த மல்லுக்கட்டு 1904 முதல் சில ஆண்டுகள் நீடித்து ஐரோப்பியப் பத்திரிகைகளில் சிரிப்பாய்ச் சிரித்தது.

பிரான்சில் வண்டி இல்லை, கட்டை இருந்தது. 1863-இல் அரசு எடுத்த கணக்கின்படி 37,510 கிராம, நகர ஆட்சிப்பகுதிகளில் 8,381-இல் மக்கள் பிரெஞ்சு பேசவில்லை. பிரெத்தாஞ்சு வட்டாரப் பள்ளிகளில் தாய்மொழியான பிரெத்தோன் பேசி அகப்பட்ட சிறுவனின் கழுத்தில் ஒரு மரக்கட்டையையோ பழைய மரச்செருப்பையோ தொங்கவிடுவார்கள். தன்னைப்போல் பேசிய இன்னொருவனைக் காட்டிக்கொடுத்தால்தான் அவன் அதைக் கழற்றலாம்; பொழுது சாயும்போது அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கிய 1881, 1882-ஆம் ஆண்டுகளின் சட்டங்களை நாம் போற்றுகிறோம், போற்றவும் வேண்டும். இந்தக் கட்டையும் அதே வகுப்பறைகளில்தான் தொங்கியது.

கேள்வி: மொழியைக் காக்க அரசு இல்லாத மக்கள் என்ன செய்தார்கள்?
– நூலகர், சேலம்

பதில்: அகராதி தொகுத்தார்கள், நாட்டுப்பாடல் திரட்டினார்கள், நாடக அரங்கு கட்டினார்கள். பிராக் நகரில் செக் மக்கள் தம் தேசிய அரங்குக்கு 1868-இல் அடிக்கல் நாட்டியபோது, பழங்கதைகளில் வரும் மலைகளிலிருந்து கற்கள் வந்தன. ஊர் ஊராக நிதி திரட்டிக் கட்டிய கட்டடம் 1881 சூனில் திறக்கப்பட்டு, ஆகஸ்டிலேயே தீக்கிரையாயிற்று. மக்கள் சில வாரங்களில் மீண்டும் பெருந்தொகை திரட்டி 1883-இல் திறந்துவிட்டார்கள். மேடைக்கு மேலே, தேசம் தனக்கே அளித்தது என்று பொறித்திருக்கிறார்கள். எந்தப் பேரரசரின் ஆட்சியிலிருந்து தனித்து நிற்க அதைக் கட்டினார்களோ அந்த ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசப்பும் நன்கொடை தந்திருந்தார் என்பதை அந்தப் பொறிப்பு சொல்லவில்லை. திறப்பு விழா இசைநாடகத்தை அமைத்த சுமெத்தனா ஜெர்மன் மொழியில் படித்து வளர்ந்தவர். செக் மொழியில் எழுத வளர்ந்தபின்தான் பழகினார். பலாஸ்கி எழுதிய செக் மக்கள் வரலாறும் முதலில் வெளிவந்தது ஜெர்மனிலேயே. 1848-இல் பிராங்க்பர்ட் பேரவைக்கு வருமாறு அழைத்தபோது, தாம் ஜெர்மானியர் அல்லர் என்று மறுத்து எழுதியவரும் அவரே.

கேள்வி: அல்சாசு யாருக்கு உரியது? ஜெர்மன் பேசும் மக்கள் பிரான்சை விரும்பினால் எந்த வாதம் செல்லும்?
– சட்டக் கல்லூரி மாணவி, சென்னை

பதில்: பிரான்சு–ஜெர்மனி எல்லையிலுள்ள அந்த நிலத்தைப் பற்றி அந்தக் காலத்து அறிஞர்களே இரண்டுபட்டார்கள். ரோம வரலாற்றில் புகழ்பெற்ற மோம்சன் மொழியையும் மரபையும் காட்டி அல்சாசு ஜெர்மன் நிலம் என்றார். 1870-இல் அவருக்கு மறுமொழி எழுதிய பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பியூஸ்தெல் த கூலான்சு, அது மொழியால் ஜெர்மனாக இருக்கலாம், தாயகம் என்ற உணர்வால் பிரெஞ்சு என்றார். 1882-இல் பாரிசின் சொர்போன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் எர்னஸ்ட் ரெனான் என்ற பிரெஞ்சு அறிஞர், ஒரு தேசத்தின் இருப்பு நாள்தோறும் நடக்கும் மக்கள் வாக்கெடுப்பு என்று கூறியது இந்த வழக்கின் நீட்சியே. ஒரு தேசத்தார் தமக்குள் பலவற்றைச் சேர்ந்து நினைப்பதைப் போலவே பலவற்றைச் சேர்ந்து மறந்திருக்கவும் வேண்டும் என்று அதே உரையில் அவர் சொன்னதை மேற்கோள் காட்டுவோர் குறைவு. எனக்கு அதுவே கூர்மையான பகுதியாகப் படுகிறது.

நடைமுறையில் எந்த வாதமும் செல்லவில்லை. 1871-இல் அல்சாசையும் லொரேனின் ஒரு பகுதியையும் ஜெர்மனி எடுத்துக்கொண்டது. அம்மக்களை எவரும் கேட்கவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்புவோர் 1872 அக்டோபர் முதல் நாளுக்குள் வெளியேறலாம் என்பதே தரப்பட்ட தெரிவு. டென்மார்க்கிடமிருந்து பறித்த வட சிலேசுவிக்கில் வாக்கெடுப்பு நடத்துவதாக 1866-ஆம் ஆண்டின் பிராக் உடன்படிக்கையில் பிரஷ்யா வாக்களித்தது. 1878-இல் ஆஸ்திரியாவோடு பேசி அந்தப் பிரிவை நீக்கியது. அங்கே வாக்குப்பெட்டி வைத்தது ஜெர்மனி தோற்றபின், 1920-இல். பிரான்சின் கையும் தூய்மையன்று: 1860-இல் நீசு, சவாய் வாக்கெடுப்புகள் பேரம் முடிந்தபிறகு நடந்தவை.

கேள்வி: விடுதலைக்குப் போராடிய நாடுகள் அரசராக வெளிநாட்டு இளவரசரை ஏன் தேடின?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வல்லரசுகளின் சம்மதம் தேவைப்பட்டது, உள்ளூர்ப் பிரபு ஒருவரை ஏற்றினால் மற்றவர்கள் பொறுக்கமாட்டார்கள். கிரேக்கத்துக்கு 1833-இல் வந்திறங்கிய பவேரிய இளவரசர் ஓட்டோவுக்கு வயது பதினேழு. அவரை 1862-இல் விரட்டிவிட்டு டென்மார்க்கிலிருந்து இன்னொருவரை வரவழைத்தார்கள். பெல்ஜியத்தின் முதலாம் லியோபோல்டு முதலில் கிரேக்க அரியணை வேண்டாம் என்று விலகிய ஜெர்மன் இளவரசர். உருமேனியா 1866-இல் தேர்ந்தெடுத்த ஹோகென்சொலன் இளவரசர் கார்ல், பிரஷ்யாவோடு போருக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஆஸ்திரியாவைக் கடக்க வேண்டியிருந்ததால், பொய்ப்பெயரில் இரண்டாம் வகுப்பு இரயில் பெட்டியில் அமர்ந்து தம் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

இதற்கு விலக்கு செர்பியா. அங்கே ஆண்ட இரு குடும்பங்களும் அந்த மண்ணைச் சேர்ந்தவை. ஒப்ரெனோவிச் குடும்பத்தின் மிலோஷ், துருக்கியருக்கு எதிரான முதல் எழுச்சியின் தலைவரான கரஜோர்ஜை 1817-இல் கொல்லச் செய்தார். 1903-இல் ஒப்ரெனோவிச் மன்னர் அலெக்சாண்டரைப் படை அதிகாரிகள் அரண்மனையிலேயே அரசியோடு கொன்று, கரஜோர்ஜின் பேரனை அரியணையில் ஏற்றினார்கள்.